கல் பதித்தாயிற்று, ஜாயிண்டை என்ன செய்வது?

காங்கேயத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டு ஆசாரத்துக்கு, அதாவது கூடத்துக்கு, கோட்டா கல் போட முடிவு செய்தபோது, கல்லைத் தேர்ந்தெடுக்க மட்டும் மூன்று வாரம் அலைந்தேன். திருப்பூர், அவிநாசி, ஈரோடு என்று கடை கடையாக ஏறி இறங்கி, கல்லைத் தட்டிப் பார்த்து, தண்ணீர் தெளித்துப் பார்த்து வாங்கினேன். கற்களுக்கு நடுவே எதை வைத்து அடைப்பது என்று மேஸ்திரி கேட்ட அன்று மட்டும், "எல்லாரும் போடுவதையே போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

அது ஆடி மாதம். ஒயிட் சிமெண்டில் கறுப்புப் பொடி கலந்து, போர்வெல் தண்ணீரில் கரைத்து, வாசற்கதவும் பொடக்காணிக் (கொல்லைப்புறக்) கதவும் விரியத் திறந்து கிடக்க, ஒரே மத்தியானத்தில் வேலை முடிந்துவிட்டது. பதினைந்து நாளில் ஜாயிண்டின் நடுவே மயிரிழை போல விரிசல் ஓடியது. ஒரு மாதத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. ஆசிட் ஊற்றிக் கழுவினால் போய்விடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். ஊற்றினோம். உப்பு போனது, கூடவே கல்லின் பளபளப்பும் போனது. ஊற்றிய இடமெல்லாம் மங்கலான திட்டு இன்றும் இருக்கிறது.

அந்த ஆசாரத்து ஜாயிண்ட் முழுவதையும் சுரண்டி எடுத்து மறுபடி நானே அடைத்தேன். பிறகு சமையலறை, திண்ணை, வாசல் என்று ஒவ்வொன்றாகச் செய்தேன். நல்ல கல்லை வாங்கியவர்கள் இந்தக் கடைசி வேலையில் ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நம் பக்கத்தில் ஜாயிண்ட் கெடுவதற்குப் பெரும்பாலும் பொடியின் விலை காரணமில்லை. தண்ணீரும் காற்றும்தான் காரணம்.

முதலில் கல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு கற்களுக்கு நடுவே விடுகிற இடைவெளிதான் ஜாயிண்ட். அதில் அடைக்கிற கலவைதான் கிரௌட். எந்த கிரௌட் என்பதை முடிவு செய்வது கல்தான். ஆகவே மிச்சமான துண்டுக் கல் ஒன்றை எடுத்து, நான்கைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் மங்கியிருந்தால் அது சுண்ணாம்பு வகைக் கல். கோட்டா, கடப்பா, மார்பிள் மூன்றும் இந்தக் குடும்பம்தான். கிரானைட்டுக்கு ஒன்றும் ஆகாது. சுண்ணாம்பு வகைக் கல்லென்றால் ஆசிட், வினிகர், புளிக்கரைசல் எதுவும் தரைப்பக்கம் வரவே கூடாது என்பதை இப்போதே மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சிமெண்ட் கிரௌட்டையும் அதே ஆசிட் அரித்துவிடும் என்பதால், கிரானைட் தரையிலும் அது வேண்டாம்.

அடுத்து, அதே துண்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் உறிஞ்சிக் கறுத்துவிட்டால், அந்தக் கல் கிரௌட்டின் நிறத்தையும் அப்படியே உறிஞ்சும். பாலிஷ் போடாத கோட்டா கல்லும், மணற்கல்லும் இப்படித்தான். அவற்றுக்கு கிரௌட் போடும் முன்பே ஊடுருவும் சீலர் (கல்லுக்குள் இறங்கி, உறிஞ்சுவதைத் தடுக்கும் திரவம்) ஒரு கை அடித்து, பாக்கெட்டில் சொன்ன நேரம் காயவிட வேண்டும். மேல்முகத்துக்கு மட்டும் அடியுங்கள். ஜாயிண்டுக்குள் வழிந்தால் கிரௌட் கல்லோடு ஒட்டாது.

இடைவெளி எவ்வளவு

இங்கே பலருக்கும் கல்லோடு கல் ஒட்டியிருந்தால்தான் நல்ல வேலை என்ற எண்ணம் இருக்கிறது. பேப்பர் ஜாயிண்ட் போடும் மேஸ்திரி கெட்டிக்காரர் என்று பேசிக்கொள்கிறார்கள். பேப்பர் நுழையும் இடைவெளியில் கிரௌட் நுழையாது. மேலாகப் பூசியது போல ஒட்டி நின்று, நாலு மாதத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். பாலிஷ் போட்டு, ஓரம் இயந்திரத்தில் அறுத்த கிரானைட்டுக்கும் மார்பிளுக்கும் 2 மில்லிமீட்டராவது வேண்டும், 3 இருந்தால் நிம்மதி. கோட்டா, கடப்பாவுக்கு 4 முதல் 6. கையால் உடைத்த ஓரமுள்ள வாசல் கற்களுக்கு 8, 10 என்று போகலாம். கல் பதிக்கும் நாளிலேயே ஸ்பேசர், அதாவது இடைவெளி ஒரே அளவில் இருக்க நடுவில் வைக்கும் சிறு துண்டுகள், வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஒரு பொட்டலத்துக்குப் பெரிய விலை இல்லை. பதித்த பிறகு இடைவெளியைப் பெரிதாக்க முடியாது.

எந்த கிரௌட்

கடையில் கிடைப்பவற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். மணல் கலக்காத நைஸ் பொடி, மணல் கலந்த பொடி, எபாக்சி.

3 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஜாயிண்டுக்கு நைஸ் பொடி. அதற்கு மேல் அகலமென்றால் மணல் கலந்தது. அகலமான ஜாயிண்டில் நைஸ் பொடி போட்டால் காயும்போது சுருங்கி விரிசல் விடும். உள்ளே இருக்கும் மணல்தான் அந்தச் சுருக்கத்தைத் தடுக்கிறது. ஆனால் பாலிஷ் மார்பிளில் மணல் கிரௌட்டைத் தேய்க்காதீர்கள், கீறல் விழும். அதனால்தான் மார்பிளுக்கு ஜாயிண்டையே குறுகலாக வைப்பது. பாக்கெட்டில் பாலிமர் கலந்தது என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். சாதாரணப் பொடியைவிட நன்றாக ஒட்டும், தண்ணீரைக் குறைவாக உறிஞ்சும்.

வெறும் ஒயிட் சிமெண்டில் கலர் பொடி கலப்பது பழைய வழக்கம். காசு மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறை கலக்கும்போதும் நிறம் மாறும். ஒரே அறையில் மூன்று கறுப்பு தெரியும். கறுப்பு போதவில்லை என்று பொடியை அள்ளிப் போட்டால் சிமெண்டின் பிடிப்பே போய்விடும். சிமெண்ட் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கலர் பொடி போகக் கூடாது. எங்கள் ஆசாரத்தில் ஆணியால் கீறினாலே ஜாயிண்ட் மாவாக உதிர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எபாக்சி வேறு இனம். சிமெண்டே இல்லாமல், பிசினும் கெட்டியாக்கும் திரவமும் நிரப்புப் பொடியும் சேர்ந்தது. எண்ணெய், மஞ்சள், சோப்புத் தண்ணீர் எதையும் உள்ளே விடாது. சமையலறைக்கும் குளியலறைக்கும் அதுதான் சரி. விலை பல மடங்கு, வேலையும் கடினம். வெயில் நேராகப் படுகிற வாசலுக்கும் மொட்டை மாடிக்கும் வேண்டாம், நாளடைவில் மஞ்சளடிக்கும். உறிஞ்சும் கல்லின் ஓரத்தைக் கறுக்கவும் வைக்கும் என்பதால் துண்டுக் கல்லில் போட்டுப் பார்க்காமல் தொடாதீர்கள்.

நிறத்தைப் பற்றி ஒரே வார்த்தை: கல்லைவிட ஒரு படி அடர்த்தியான நிறத்தை எடுங்கள். வெள்ளை ஜாயிண்ட் கிரகப்பிரவேசத்தன்று அழகாக இருக்கும், பொங்கலுக்குள் அழுக்காகிவிடும். கலர் கார்டை நம்பி முடிவெடுக்காமல், இரண்டு துண்டுக் கல்லை ஒரு பலகையில் ஒட்டி, நடுவில் கிரௌட் போட்டு, மூன்று நாள் காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் வேறு, காய்ந்தபின் தெரியும் நிறம் வேறு.

உப்புத் தண்ணீர்

நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. குழாய் வாயில் வெள்ளை கட்டுகிறது, ஹீட்டர் சுருளில் பாறை கட்டுகிறது, போசியின் அடியில் படலம் படிகிறது. அதே தண்ணீரில் கிரௌட் கலந்தால் அந்த உப்பு முழுவதும் ஜாயிண்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு தரை நனைந்து காயும்போதெல்லாம், ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு மேலே வரும். ஈரம் ஆவியாகப் போய்விடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். சிமெண்டில் இயல்பாகவே உள்ள சுண்ணாம்பும் இதே வழியில் மேலே வந்து காற்றோடு சேர்ந்து வெள்ளையாக இறுகும். தரை பூத்துவிட்டது என்று சொல்கிறோமே, அது இரண்டும் சேர்ந்ததுதான்.

ஆகவே கிரௌட் கலக்க நல்ல தண்ணீர் மட்டும்தான். சிறுவாணியோ பவானியோ காவிரியோ, உங்கள் ஊர்க் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் போதும். அதுவும் வராத ஊரென்றால் 20 லிட்டர் கேன் ஒன்று வாங்குங்கள். கிலோவுக்குக் கால் லிட்டர் சுற்றுவட்டத்தில்தான் தண்ணீர் தேவை. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 40 கிலோ பொடி போனாலும் பத்து லிட்டர்தான் ஆகிறது. ஒரு கேன் தண்ணீர் கலக்கவும் போதும், கடைசித் துடைப்புக்கும் கொஞ்சம் மிஞ்சும். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் சிக்கனம் என்று நினைத்துப் பயன்படுத்திவிடாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று. கல்லுக்கு அடியில் போட்ட கலவையின் ஈரம் வெளியேறுவதற்கு உள்ள ஒரே வழி ஜாயிண்ட்தான். கல் பதித்த மறுநாளே அதை அடைத்துவிட்டால் அந்த ஈரம் உப்போடு சேர்ந்து கிரௌட் வழியாகத்தான் வரும். கனமான சிமெண்ட் கலவையில் பதித்த கல்லென்றால் குறைந்தது ஏழு நாள் விடுங்கள். மழைக்காலமென்றால் பத்து, பன்னிரண்டு. அந்த நாட்களில் ஜாயிண்டுக்குள் மண் போகாமல் பழைய சாக்கை விரித்து வையுங்கள். பிளாஸ்டிக் தாளை விரித்தால் ஈரம் அடைபட்டுவிடும்.

காற்று

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று இந்தச் சீமைக்குக் கிடைத்த கொடை. உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலைகள் அந்தக் காற்றில்தான் சுற்றுகின்றன. கிரௌட்டுக்கு மட்டும் அது ஆகாது. சிமெண்ட் இறுகுவதற்கு ஈரம் வேண்டும். காற்று அந்த ஈரத்தை மேலிருந்து உறிஞ்சிவிட்டால் மேற்புறம் சுருங்கி விரிசல் விழும், உள்ளே மாவாகவே நிற்கும். எங்கள் ஆசாரத்தில் நடந்தது இதுதான். வாசலிலிருந்து பொடக்காணி வரை நேர்க்கோட்டில் காற்று ஓடும்படி கட்டிய வீடு அது.

வேலை நாளில் கதவு ஜன்னலைச் சாத்துங்கள், ஃபேனைப் போடாதீர்கள். ஜன்னல் கண்ணாடி இன்னும் மாட்டவில்லையென்றால் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். சித்திரை வெயிலிலும் இதே கதைதான். வாசலும் மாடியும் என்றால் காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுவது நல்லது, அல்லது வெயில் தாழ்ந்தபின்.

எவ்வளவு வாங்குவது

நூறு சதுர அடியில் இரண்டடிக்கு இரண்டடிக் கல் 25 நிற்கும். ஒரு கல்லுக்கு நான்கு அடி ஜாயிண்ட் என்று கணக்கு வைத்தால் மொத்தம் நூறு அடி நீளம். 4 மில்லிமீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய நான்கு கிலோ பொடி பிடிக்கும். ஓரடிக் கல்லென்றால் ஜாயிண்டின் நீளம் இரட்டிப்பாகும், பொடியும் எட்டுக் கிலோ. சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து, எல்லாப் பாக்கெட்டையும் ஒரே நாளில், ஒரே தயாரிப்பு எண் பார்த்து வாங்குங்கள். எண் மாறினால் நிறம் லேசாக மாறும்.

கூடவே வாங்க வேண்டியவை: ரப்பர் அடி வைத்த ஃப்ளோட் ஒன்று; பார்க்க, கொத்தனார் பூச்சைத் தேய்க்கும் மணியாஸ் கட்டை போலவே இருக்கும். ஓரம் வட்டமான நல்ல ஸ்பாஞ்ச் இரண்டு, வாளி மூன்று, ரப்பர் கையுறை, முகக்கவசம், பட்டி பிளேடு, கிலோக் கணக்கில் விற்கும் பனியன் வேஸ்ட். திருப்பூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசிப் பொருள் எளிதாகக் கிடைக்கும். கல் துடைக்க அதைவிட நல்ல துணி நான் பார்த்ததில்லை. முழங்காலுக்கு ஒரு பழைய மெத்தைத் துண்டும் எடுத்து வையுங்கள். ஈரச் சிமெண்டில் மணிக்கணக்கில் முட்டி போட்டால் தோல் வெந்துவிடும், அன்று தெரியாது, இரவில்தான் எரியும்.

அடைக்கும் நாள்

முதல் வேலை சுத்தம். ஜாயிண்டுக்குள் வழிந்து இறுகிய கலவையை உடைந்த ஆக்சா பிளேடால் சுரண்டி எடுங்கள். கல்லின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழமாவது காலியாக இருக்க வேண்டும். ஸ்பேசரையும் எடுத்துவிடுங்கள். உள்ளேயே விட்டு மேலே அடைத்தால் அந்த இடம் மெலிந்து, அங்கேதான் முதலில் பெயரும். பிறகு பிரஷ்ஷால் தள்ளி, வாக்குவம் இருந்தால் உறிஞ்சி, தூசி போகத் துடையுங்கள். இது அலுப்பான வேலை. ஒரு அறைக்கு அரை நாள்கூட ஆகும். அவசரப்படுகிறவர்கள் கைவிடுவது இதைத்தான்.

சிமெண்ட் கிரௌட் என்றால் ஜாயிண்டை லேசாக நனையுங்கள். செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே போதும். உள்ளே ஈரப்பதம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. எபாக்சிக்கு ஜாயிண்ட் சுக்காகக் காய்ந்திருக்க வேண்டும்.

கலக்கும்போது தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி, பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். ஒரு முறைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். பதம் முக்கியம். இட்லி மாவு போல ஓடினால் தண்ணீர் அதிகம். காய்ந்தபின் குழி விழும், நிறம் வெளுக்கும். ஒப்பிட்டுக்கு (போளிக்கு) பிசைந்த மாவு போல இறுகினால் அடிவரை இறங்காது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழியாமல் நின்று, தட்டினால் மொத்தமாக விழ வேண்டும். அதுதான் பதம். கலக்கியதும் ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே விட்டு, மறுபடி ஒருமுறை கிளறிவிட்டுத் தொடங்குங்கள். அந்த இடைவெளியில் பொடி தண்ணீரை முழுவதும் குடித்துக்கொள்ளும். பாதி வேலையில் கலவை இறுகினால் தண்ணீர் விட்டுத் தளர்த்தாதீர்கள். கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள். இதில் மனம் கேட்காது, ஆனாலும் கொட்டுங்கள்.

அறையின் தூர மூலையிலிருந்து கதவை நோக்கி வாருங்கள். ஃப்ளோட்டைத் தரைக்கு 45 பாகைச் சாய்வில் பிடித்து, ஜாயிண்டுக்குக் குறுக்காக, மூலைவாட்டில் அழுத்தித் தள்ளுங்கள். ஜாயிண்டின் நேர்போக்கில் இழுத்தால் ஃப்ளோட்டின் ஓரம் உள்ளே இறங்கி, அடைத்ததையே வாரிக்கொண்டு வரும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று பக்கத்திலிருந்து அழுத்துங்கள். ஜாயிண்ட் நிறைந்ததும் கையில் ஒரு எதிர்ப்புத் தெரியும். அதற்கு மேல் அது வாங்காது. அப்போது ஃப்ளோட்டை நேராக நிமிர்த்தி, மேலே கிடக்கும் மிச்சத்தை அதே மூலைவாட்டில் வழித்து எடுங்கள். இப்படி முப்பது நாற்பது சதுர அடி முடிந்ததும் நிறுத்துங்கள்.

துடைப்பது

தரை அழகாக வருவதும் கெடுவதும் இந்த அரை மணி நேரத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உடனே துடைத்தால் ஈரக் கிரௌட் ஸ்பாஞ்சோடு வந்துவிடும். நேரம் கடந்தால் கல்லில் ஒட்டிக்கொள்ளும். பாக்கெட்டில் பதினைந்து நிமிடம், முப்பது நிமிடம் என்று போட்டிருப்பார்கள், ஆனால் வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்ப அது மாறும். கட்டைவிரலை ஜாயிண்டின்மேல் லேசாக வைத்துப் பாருங்கள். கிரௌட் விரலில் ஒட்டினால் இன்னும் பொறுங்கள். ரேகை மட்டும் பதிந்து, விரல் சுத்தமாக எழும்பினால் அதுதான் நேரம். கல்லின்மேல் இருக்கும் மெல்லிய படலமும் அப்போது ஓரங்களில் வெளுக்கத் தொடங்கியிருக்கும்.

ஒரு வாளியில் ஸ்பாஞ்சை அலசுங்கள், இரண்டாவதில் மறுபடி அலசுங்கள், பிறகு நன்றாகப் பிழியுங்கள். பிழிந்த ஸ்பாஞ்சைக் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. மூலைவாட்டில், ஒரே இழுப்பாக, அழுத்தாமல் இழுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு இழுப்பு; திருப்பி இன்னொரு இழுப்பு; மறுபடி அலசல். அதே பக்கத்தால் இரண்டாம் முறை இழுத்தால் எடுத்த சிமெண்டையே கல்லில் பூசுவீர்கள். ஸ்பாஞ்சில் சொட்டும் தண்ணீர் கிரௌட்டுக்குள் இறங்கினால் அந்த இடம் மட்டும் வெளுத்துத் திட்டாகிவிடும். சிமெண்ட் வேலையில் நிறம் திட்டுத்திட்டாக வந்தால் பொடியைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் பிழியாத ஸ்பாஞ்சில் இருக்கும்.

இந்த முதல் துடைப்பிலேயே கல் பளிச்சென்று ஆக வேண்டுமென்று தேய்க்காதீர்கள். ஜாயிண்ட் கல்லின் ஓரத்துக்குச் சற்றே கீழே, ஒரே சீராக அமர்ந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கல்லின்மேல் விபூதி பூசியது போல ஒரு வெள்ளைப் படலம் நிற்கும். அதைக் காய்ந்த பனியன் துணியால் வட்டமாகத் தேய்த்தால் போய்விடும். தண்ணீர் வேண்டாம். மூன்றாவது வாளியில் நல்ல தண்ணீர் வைத்திருப்பது இந்தக் கட்டத்தில் பிடிவாதமாக ஒட்டிய ஓரிரு இடங்களுக்கு மட்டும்தான்.

வாளியில் கலங்கிய தண்ணீரைச் சமையலறைத் தொட்டியிலோ குளியலறைக் குழியிலோ ஊற்றாதீர்கள். உள்ளே சிமெண்ட் இறுகிக் குழாயை அடைத்துவிடும். பொடக்காணியில் ஒரு குழி தோண்டி அதில் ஊற்றுங்கள். தென்னைக்கும் முருங்கைக்கும் வேர்ப்பக்கம் வேண்டாம்.

காயும் நாட்கள்

முதல் 24 மணி நேரம் யாரும் நடக்கக் கூடாது. இது வீட்டுக்கு வரும் உறவினர்களுக்கும் பொருந்தும் என்பதால், விசேஷத்துக்கு முதல் நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். மறுநாளிலிருந்து இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் ஸ்பிரேயால் நல்ல தண்ணீர் தெளியுங்கள். பாலிமர் கலந்ததில் தெளிக்க வேண்டாம் என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் அதன்படி நடங்கள். ஏழு நாள் வரை தரையைக் கழுவ வேண்டாம், கட்டிலும் பீரோவும் இழுக்க வேண்டாம்.

முழுதாகக் காய்ந்தபின் சிமெண்ட் கிரௌட்டுக்கு ஊடுருவும் சீலர் ஒரு கை அடிப்பது நல்லது. எப்போது என்பதற்கு பாக்கெட்டைப் பாருங்கள். 28 நாள் பொறுத்தால் எந்தச் சந்தேகமும் இல்லை. சின்ன பிரஷ்ஷில் தொட்டு ஜாயிண்டில் ஓட்டி, கல்லில் படிந்ததை ஐந்து பத்து நிமிடத்தில் துடைத்து எடுத்துவிடுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார்த்து, உறிஞ்சினால் மறுபடி அடிக்கலாம்.

சுவரோரத்தில் கிரௌட் கூடாது

தரையும் சுவரும் சந்திக்கும் மூலையில் கிரௌட் அடைத்தால் அது விரிசல் விட்டே தீரும். கல் தரை வெயிலில் கொஞ்சம் விரியும், இரவில் சுருங்கும். சுவர் தன் போக்கில் அசையும். நடுவில் கெட்டியான சிமெண்ட் நின்றால் ஏதாவது ஒன்று உடையத்தான் வேண்டும். சுவரோரமாக 5, 6 மில்லிமீட்டர் விட்டு, சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் கல் அதை மறைக்கும்படி வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் இடங்களில், ரப்பர் போல நெகிழும் சிலிக்கான் சீலன்ட் போடுங்கள். கடையில் கேட்கும்போது ‘நியூட்ரல்’ வகை என்று சொல்லிக் கேளுங்கள். பிதுக்கும்போது வினிகர் வாடை அடிப்பது அமிலம் விடும் வகை. மார்பிளையும் கோட்டாவையும் அரிக்கும்.

எபாக்சி போடுகிறவர்களுக்கு

பாக்கெட்டில் உள்ள இரண்டு மூன்று பொருளையும் முழுதாகவே கலக்க வேண்டும். பாதி போதும் என்று கண்ணளவில் பிரித்தால் சில இடம் இறுகும், சில இடம் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். வாளியில் குவியலாக வைத்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் கெட்டியாகிவிடும். கலந்ததும் தட்டையான பலகையிலோ தகரத்திலோ பரப்பி வையுங்கள். சித்திரை வைகாசியில் பாக்கெட்டை முந்தைய இரவே குளிர்ந்த அறையில் வைப்பது உதவும். இருவர் இல்லாமல் தொடங்க வேண்டாம். ஒருவர் அடைத்துக்கொண்டே போக, மற்றவர் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வர வேண்டும். இறுகியபின் கல்லில் நிற்கும் எபாக்சியை எடுப்பது பெரும்பாடு. கையுறை இல்லாமல் தொடவே கூடாது, சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும்.

பழைய ஜாயிண்டைப் புதுப்பிக்க

பெயர்ந்த கிரௌட்டின்மேல் புதியதைப் பூசினால் ஒட்டாது. கையால் சுரண்டும் கருவியால் குறைந்தது 3 மில்லிமீட்டர் ஆழமாவது எடுத்துவிட்டு அடையுங்கள். கட்டிங் மெஷின் வேகமானதுதான். கை கொஞ்சம் நழுவினாலும் கல்லின் ஓரம் போய்விடும். எங்கள் ஆசாரத்தை நான் கையால்தான் சுரண்டினேன், எட்டு நாள் ஆனது. முகக்கவசம் போடாமல் இந்தத் தூசியைச் சுவாசிக்காதீர்கள்.

உப்புப் பூத்திருந்தால் கழுவ வேண்டாம். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். வாரம் ஒருமுறை இப்படிச் செய்தால் இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் அடியிலிருந்து எங்கோ தண்ணீர் ஏறுகிறது, குழாய்க் கசிவைத் தேடுங்கள்.

அன்றாடம்

ஈரோட்டு மஞ்சள் இல்லாத சமையலறை நம் பக்கத்தில் இல்லை. ஜாயிண்டில் சிந்தினால் உடனே சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடுங்கள். மிச்சமாக நிற்கும் மஞ்சள் வெயில் பட்டால் தானாக வெளுக்கும், ஜன்னலோரத்தில் இரண்டு நாளில் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். கடலை எண்ணெய் சிந்தினால் கோலமாவையோ கடலைமாவையோ தூவி உறிஞ்சவிட்டு அள்ளுங்கள். கழிவறைக்கு வாங்கும் ஆசிட்டைத் தரை துடைக்கும் தண்ணீரில் ஒரு மூடிகூட ஊற்ற வேண்டாம் என்று வீட்டு வேலைக்கு வருகிறவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

தினமும் தண்ணீர் தெளித்துக் கோலம் போடும் வாசலில் மணல் கலந்த பாலிமர் கிரௌட்டையே போட்டு, தண்ணீர் தேங்காதபடி தெருப்பக்கம் வாட்டம் வைக்கச் சொல்லுங்கள். அரிசிமாவுக் கோலத்துக்கு வரும் எறும்புகள் ஜாயிண்டில் ஒரு பொத்தல் கிடைத்தாலும் அடியிலிருந்து மணலை அள்ளி மேலே குவிக்கும். காலையில் வாசலில் சிறு மணற்குவியல் தெரிந்தால், அந்த இடத்து ஜாயிண்டைக் குனிந்து பாருங்கள்; அன்றைக்கே ஒரு பிடி கிரௌட் கலந்து அடைத்துவிடலாம்.

அதற்காகவே ஒரு கிலோப் பொடி மிச்சம் வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, பாக்கெட்டின் மேல்பகுதியை நிற எண்ணும் தயாரிப்பு எண்ணும் தெரியும்படி வெட்டி உள்ளேயே வைத்து அட்டாலியில் (பரணில்) ஏற்றிவிடுங்கள். பொடி ஓராண்டில் கட்டிதட்டிப் போனாலும், அதே நிறத்தைக் கடையில் கேட்டு வாங்க அந்த அட்டை இருக்கும்.